நிலமளக்கும் வானூர்தி

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் எஃகுச் சங்கிலியைக் கொண்டு நிலமளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கோட்டை அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. அக்கோட்டை பெரும் முக்கோணவியல் அளவைக்கு அடித்தளமாயிற்று. அதே தொலைவை, டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி இன்று அரைமணி நேரத்திற்குள் கடந்துவிடும்.

முன்னரே வகுத்த பாதையில் பறக்கும் வானூர்தி, நிலத்தை அடுத்தடுத்துப் படமெடுக்கிறது. ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் இடம்பெறும். இதனால் ஒரே புள்ளி பல கோணங்களில் பதிவாகிறது. நம் இரு கண்களும் தொலைவை உணர்த்துவதைப்போல, இக்கோண வேறுபாட்டைக் கொண்டு கணினி மேடுபள்ளங்களைக் கணக்கிடுகிறது. லாம்டனின் முக்கோணக் கணக்கே இங்கும் பயன்படுகிறது. கருவி மட்டுமே மாறியுள்ளது.

எனினும், தரையில் அமையும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இன்றியமையாதவை. செயற்கைக்கோள் வழியே துல்லியமாக இடமறியப்பட்ட இப்புள்ளிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காவிடில், தெளிவாகத் தோன்றும் நிலப்படமும் சில மீட்டர் பிறழ்ந்திருக்கக்கூடும்.

கட்டுமானத்தில் இத்தொழில்நுட்பம் பெரிதும் உதவுகிறது. பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த நிலப்பரப்பு மாதிரிகளை ஒப்பிட்டு, வெட்டிய மண்ணின் கன அளவைக் கணக்கிடலாம். உயர்ந்த பாலங்களின் விரிசல்களைச் சாரம் கட்டாமலே காணலாம். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட ஸ்வாமித்வா திட்டத்தின்கீழ், இந்தியச் சிற்றூர்களின் குடியிருப்புப் பகுதிகளும் இம்முறையில் அளக்கப்படுகின்றன.

பேரிடரின்போது அளவையின் பயன் உயிர்காப்பதாகிறது. 2024 சூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவு, முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களைச் சிதைத்தது. மீட்புப் பணியில் ஆளில்லா வானூர்திகளும் ஈடுபடுத்தப்பட்டன. சேறு மூடிய நிலத்தில் வீடு எங்கே இருந்தது, தெரு எங்கே சென்றது என்பதை வெறுங்கண்ணால் அறிய இயலாது. பழைய நிலப்படத்தையும் புதிய படத்தையும் பொருத்திப் பார்த்தால், எங்கே தோண்ட வேண்டும் என்பது புலப்படும்.

கடும் மழையிலும் காற்றிலும் சிறிய வானூர்திகள் பறக்க இயலாது. மின்கலமும் நெடுநேரம் நீடிக்காது. வெப்பப் படக்கருவியாலும் மண்ணின் ஆழத்தைக் காண இயலாது. ஆதலால், இடர் வந்தபின் எடுக்கும் படம் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லையெனில், புதிய படம் பாதி விடையையே தரும். நிலம் அமைதியாக இருக்கும் நாளில் அதனை அளந்து வைப்பதே மீட்பின் முதற்படியாகும்.