துணை மறைந்தபின் வீடும் வளவும்



ஏறாவூரில் ஒரே தெருவின் இரு மருங்கிலும் இரண்டு வீடுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் தமிழ்க் குடும்பம். மற்றதில் முஸ்லிம் குடும்பம். இரண்டிலும் கணவன் இறுதி விருப்பாவணம் எழுதாது மறைந்துவிட்டான். இரண்டிலும் எஞ்சியோர் மனைவியும் ஒரு மகனும் இரு புதல்வியருமே.

தமிழ்க் குடும்பத்துக்கு உரியது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கணவனுடைய ஆதனத்தில் பாதி மனைவிக்கு; மறுபாதி பிள்ளைகள் மூவருக்கும் சமமாக, ஆளுக்கு ஆறிலொன்று. தேசவழமை இங்கும் செல்லும் என்று எண்ணுவோர் உளர். அது வடமாகாணத்தாருக்கே உரியது. மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டமோ இன்று வழக்கில் இல்லை.

முஸ்லிம் குடும்பத்துக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். அடக்கச் செலவும் கடனும் தீர்ந்தபின்னரே பங்கு. கொடுபடாத மஹரும் கடனே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எஞ்சியதை 32 கூறாக்கினால், மனைவிக்கு எட்டிலொன்றாகிய 4, மகனுக்கு 14, புதல்வியருக்கு ஏழேழு.

எட்டிலொன்று என்றதும் அஞ்சி நடுங்கிய ஒரு தாயை நான் அறிவேன். தம் மகனுக்கு விடுகைப் பத்திரம் கேட்டுப் பாடசாலைக்கு வந்தார். "வீடு இனி எங்களுடையதல்ல, சேர், உம்மா வீட்டுக்குப் போகிறோம்" என்றார். உறுதியைக் கொண்டுவரச் சொன்னேன். காணி இருவர் பெயரிலும் சமமாக வாங்கப்பட்டிருந்தது. ஆகவே பாதி முன்னரே அவருடையது. பங்கிட வேண்டியது மறுபாதி மட்டுமே. அதன் எட்டிலொன்றையும் கூட்டினால், முழு வீட்டில் பதினாறில் ஒன்பது அவருக்கே. பிள்ளைகள் இருக்க அவரை வெளியேற்ற எவருளர்? விடுகைப் பத்திரம் எழுதப்படவில்லை.

எனவே, யாருக்கு எவ்வளவு என்று கேட்கும் முன், இறந்தவருக்கு எது சொந்தம் என்று கேட்டல் வேண்டும். நம் பகுதியில் வீட்டை மகளுக்குச் சீதன உறுதியாக எழுதிக் கொடுப்பது இரு சமூகத்தாரிடமும் நெடுங்கால வழக்கம். அவ்வீடு மருமகன் மறைந்தால் பங்குக்கே வராது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் கிழக்குக் கரையில் எழுந்த வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற கணக்கில் ஆண்கள் பெயரில் வழங்கப்பட்டன. பெண்ணுக்கிருந்த அரண் அங்கே ஓசையின்றித் தளர்ந்தது. இஃது என் கருத்து.

மாறாக, சீதன வீடு பெற்ற மகளே மறைந்தால்? முஸ்லிமாயின், பிள்ளைகள் இருக்கக் கணவனுக்குக் காற்பங்கு. உயிரோடுள்ள தாய்க்கும் தந்தைக்கும் ஆறிலொவ்வொன்று. எஞ்சிய பன்னிரண்டில் ஐந்து பிள்ளைகளுக்கு. பொதுச் சட்டத்தின் கீழாயின் கணவனுக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. வீட்டைக் கொடுத்த பெற்றோருக்கு எதுவுமில்லை. அரச காணி அனுமதிப்பத்திரத்துக்கு 1935ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அது வேறொரு பேச்சுக்குரியது.

அமெரிக்காவில் தம்பதிகள் வாழும்போதே ஆதனத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைப்பர். ஒருவர் மறைந்ததும் சில பொறுப்புகள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று எஞ்சியவர் கையிலும் மற்றொன்று மாற்றவியலாததாயும் நிற்கும். நம்மவர் அதனை நாடுவது அரிது. வாழ்நாள் உரித்தைத் தமக்கு ஒதுக்கிக்கொண்டு, துணைக்கு நன்கொடை உறுதி எழுதலாம். முஸ்லிம்கள் எழுதும் நன்கொடைக்கு முஸ்லிம் சட்டமே ஆளும்; ஆயினும் வாழ்நாள் உரித்து ஒதுக்கிய நன்கொடைக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். அவ்வுறுதி நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். பின் காணிப் பதிவகத்தில் பதியப்படல் வேண்டும்.