கியர்ப் பெட்டியைத் தொங்க விடலாமா?

வீட்டிலேயே காரின் கியர்ப் பெட்டியை மாற்றுவோர் இரண்டு இடங்களில் தவறுவதுண்டு. காரணம் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

முதலாவது, ஜாக்கி. நீரியல் ஜாக்கியில் எண்ணெயின் அழுத்தமே காரைத் தாங்குகிறது. இது பாஸ்கல் விதி. உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கசிந்தால் கார் கீழிருப்பவர் மீது இறங்கிவிடும். எனவே தூக்குவதற்கு ஜாக்கி. தாங்குவதற்கு உறுதியான இரும்புத் தாங்கிகள்.

இரண்டாவது, பொருத்தும் வேளை. பெட்டியின் எடை 300 நியூட்டன், அதன் ஈர்ப்பு மையம் கிளச்சிலிருந்து 0.2 மீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொள்வோம். பெட்டியைத் தண்டின் மேல் தொங்கவிட்டால், கிளச் தட்டின் நடுவில் 300 × 0.2 = 60 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் செயல்படும். மெல்லிய தட்டு வளையும். வளைந்த தட்டு, மிதியை அழுத்தினாலும் முழுவதும் விலகாது. கியர் மாற்றும்போது பற்கள் உரசிக் கத்தும். பிறகு, எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற வேண்டியதுதான்!