மூன்று குறிகளும் ஒரு பல்லும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கே செல்வோர், சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலை நோக்கித் திரும்பினால் சல்லி என்னும் கிராமத்தை அடைவர். முத்துமாரியம்மன் கோயிலால் பலரும் அறிந்த ஊர்; மீன்பிடித் தொழிலால் வாழும் ஊர். படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவது இத்தகைய கரையோர ஊர்களில் இளைஞர்க்குக் கைவந்த தொழில். ஆனால் அவ்வியந்திரங்களிற் பல இரண்டடிப்பு வகையைச் சேர்ந்தவை. அவற்றிலே பிஸ்டன் தானே மேலும் கீழும் ஓடித் துவாரங்களைத் திறந்து மூடிக்கொள்கிறது. வேறு வாயிற்காவலர் வேண்டியதில்லை. கொழும்புக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வானின் எஞ்சினோ நான்கடிப்பு. அதிலே காற்றை உள்ளே விடவும் புகையை வெளியேற்றவும் வால்வுகள் உண்டு. பல எஞ்சின்களில் அவை திறந்து மூடும் வேளையைக் காப்பது ஒரு ரப்பர்ப் பட்டி. கராஜ்களில் டைமிங் பெல்ட் என வழங்கும் அந்தப் பட்டியைப் பற்றியே இங்கு பேசப் புகுகிறோம்.

பிஸ்டன்கள் கீழேயுள்ள கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. மேலேயுள்ள காம் தண்டு வால்வுகளை அழுத்தித் திறக்கிறது. கிராங்க் இருமுறை சுற்றும்போது காம் ஒருமுறை மட்டுமே சுற்றவேண்டும். ஆதலால் காம் சக்கரத்துக்குக் கிராங்க் சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடும். அத்தனை வேகத்திலும் வழுக்காதிருக்கவே பட்டியின் உட்புறத்திலும் பற்கள் அமைந்துள்ளன.

இத்தகைய பற்பட்டி மோட்டார் வண்டிக்கெனப் பிறந்ததன்று என்பதை அறிந்தால் நம் வீட்டுப் பெண்கள் புன்னகை செய்வர். 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்தின் ஊசியும் கீழ் நூலும் இசைந்து ஓடுவதற்காகவே அது உருவாயிற்று. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்னும் கார் அதனை எஞ்சினுக்குள் கொண்டுவந்தது. சங்கிலியைவிட ஓசை குறைவு, விலையும் குறைவு. ஆனால் சங்கிலிக்கு இல்லாத ஒரு குறை உண்டு: ரப்பர் மூப்படையும்.

நம் நாட்டில் ‘டொல்பின்’ என்று செல்லமாக அழைக்கப்படும் டொயோட்டா ஹையேஸ் வானின் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பட்டியை மாற்றவேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீட்டர், போய்வந்தால் 520. ஆக, 192 பயணங்களில் பட்டியின் ஆயுள் முடிந்துவிடும். முடிந்தபின்னும் ஓட்டினால் என்ன ஆகும்? கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே, யானை நடமாடும் காட்டுவழியிலே, இரவில் அது அறுந்துபோகலாம். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. காம் நின்றுவிட, திறந்தபடி நிற்கும் வால்வை மேலெழும் பிஸ்டன் மோதி வளைத்துவிடும். வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பல மாத வருமானம்.

புதிய பட்டியைத் தவறாகப் பூட்டினாலும் இதே கதிதான்! ஆகவேதான் சக்கரங்களில் குறிகள் இட்டிருக்கிறார்கள். கிராங்க் சக்கரத்தில் ஒன்று, காம் சக்கரத்தில் ஒன்று, டீசல் எஞ்சினாயின் எரிபொருள் பம்பின் சக்கரத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே எஞ்சின் உடம்பில் ஒரு குறி. எல்லாம் ஒருங்கே பொருந்தி நிற்கும்போதே பட்டியைக் கழற்றவும் மாட்டவும் வேண்டும். கிராங்கின் குறி மட்டும் பொருந்தினாற் போதாதா என மாணவர் கேட்கலாம். போதாது. கிராங்க் இருமுறை சுற்றுவதால் அதன் குறி இருமுறை நேருக்கு வரும். அவற்றுள் எது உரிய தடவை என்பதைக் காமின் குறியே சொல்லும்.

ஒரு பல் தவறினால் எவ்வளவு பிழை? கிராங்க் சக்கரத்துக்கு 20 பற்கள் எனின், 360 பாகையை 20ஆல் வகுக்க, ஒரு பல்லுக்கு 18 பாகை. சில எஞ்சின்கள் அப்பிழையோடும் இழுவை குன்றிப் புகை கக்கி ஓடும். சில, முதற் சுழற்சியிலேயே வால்வைப் பறிகொடுக்கும்.

குறியைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடலிலே கரையின் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் ஒரே நேரிற் கண்டு இடமறிவார்கள் மீனவர். படகு சற்று விலகினாலும் இரண்டும் பிரிந்து தோன்றும். அதுபோலவே சக்கரத்தைச் சாய்வாக நின்று பார்த்தால், பொருந்தாத குறியும் பொருந்தியதாகத் தோன்றும். கண்ணைச் சக்கரத்துக்கு நேரே கொண்டுபோகவேண்டும். குனியச் சோம்பும் மெக்கானிக்கிடம் வானை ஒப்படைப்பதற்கு நாம் தயங்குவோம். உப்புக்காற்று வீசும் ஊர்களிலோ துரு குறியையே மறைத்துவிடுவதுண்டு. கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளைப் பூச்சுத் தொட்டுவைப்பது நன்று.

பட்டியை மாட்டி இறுக்கியதும் சாவியைத் திருப்பலாகாது. எஞ்சின் சுழலும் திசையிலேயே கிராங்கை ஸ்பானரால், கையாலே, முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளை மறுபடி பார்க்கவேண்டும். இடையில் எங்கேனும் இரும்பு இரும்பைத் தொட்டதுபோல் தடை தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சில புதிய பட்டிகளிலும் கோடுகள் அச்சிட்டிருக்கும். இரண்டு சுற்றின் பின் சக்கரக் குறிகள் பொருந்தியும் பட்டிக் கோடுகள் விலகி நிற்கக் கண்டு சிலர் திகைத்து, சரியாகப் பூட்டியதையே கழற்றிவிடுகின்றனர். பட்டிக்கு 101 பற்கள் என வைத்துக்கொண்டால், மேற்கூறிய 20 பற் சக்கரம் 202 முறை சுற்றிய பின்னரே கோடுகள் எல்லாம் மீண்டும் பழைய இடத்துக்கு வரும். சக்கரக் குறிகளே சாட்சி. பட்டிக் கோடுகள் மாட்டும்போது உதவுவதற்கு மட்டுமே.

ஜப்பானில் ஓடிப் பழகி இங்கு வந்த வண்டியை வாங்குவோர், மீற்றரில் உள்ள எண்ணை நம்பி இருத்தல் கூடாது. பட்டியின் வயது தெரியாவிடின் முதல் வேலையாக மாற்றிவிடுவதே மேல். டொயோட்டா டீசல் வண்டிகளில் தவணை வந்ததும் முகப்பிலே ஒரு சிறு விளக்கு எரியும். பட்டி மாற்றியபின் அதனைத் தொடக்க நிலைக்குத் திருப்பவும் மறக்கலாகாது. மாற்றிய தேதியையும் மீற்றர் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பட்டியின் மூடிமேல் ஒட்டிவிட்டால், அடுத்து அதைத் திறப்பவர் யாராயினும் அவருக்கு உதவும்.