வலது மூளையா, இடது மூளையா? கற்பனைக்கு இரண்டும் வேண்டும்

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அதில் கோமாளியாக வரும் கட்டியக்காரனுக்கு வேலை அதிகம். தாளம் பிசகாமல் ஆட வேண்டும், கதையின் தொடர்ச்சியை விடக் கூடாது, ஊர் நடப்பை அந்த நொடியே வசனமாக்கிச் சபையைச் சிரிக்க வைக்கவும் வேண்டும். இத்தனையும் மூளையின் எந்தப் பக்கத்து வேலை?

‘கணக்குக்கு இடது மூளை, கலைக்கு வலது மூளை’ என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அதற்கு ஒரு வேர் உண்டு. பேச்சை இழந்த ஒருவர் இறந்தபின் அவரது மூளையை 1861-இல் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டார். பின்னர் அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் ஸ்பெரி, வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தார். மொழியில் இடது பாதியும், வடிவங்களையும் இடத்தையும் உணர்வதில் வலது பாதியும் முந்தி நிற்பது தெரிந்தது. 1981-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு வேலை ஒரு பக்கம் சாய்வது வேறு, ஒரு மனிதரே ஒரு பக்கம் சாய்வது வேறு. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,011 பேரின் மூளைப் படங்களை அலசி 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ‘வலது மூளைக்காரர்’, ‘இடது மூளைக்காரர்’ என்று பிரிக்க அதில் ஆதாரமே கிடைக்கவில்லை.

அப்படியானால் கற்பனை எப்படிப் பிறக்கிறது? புதிரின் விடை சட்டென்று பளிச்சிடும்போது வலது பொட்டுப் பகுதியில் மின் அலை எழுவதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2008-இல் ஜாஸ் பியானோ கலைஞர்களை ஆராய்ந்தபோது, மனோதர்மமாக வாசிக்கையில் தன்னைத் தானே கண்காணிக்கும் முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருந்தன. மனம் போன போக்கில் எண்ணங்களை உருவாக்கும் வலைப்பின்னலும், அவற்றைச் சலித்துச் சீராக்கும் வலைப்பின்னலும் கைகோக்கும்போது புதுமை பிறக்கிறது என்கின்றன அண்மைய ஆய்வுகள். இவ்விரண்டும் மூளையின் இரு பாதிகளிலும் பரவிக் கிடப்பவை.

கட்டியக்காரனின் உடனடி வசனமும் வெறும் வரம் அல்ல. பாட்டும் அடவும் கதையும் பல ஆண்டுகள் பழகிப் பழகி உள்ளே ஊறியதால்தான் மேடையில் மனம் துணிந்து பாய்கிறது.

எனவே, ‘வலது மூளையைத் தூண்டுகிறோம்’ என்னும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ‘இவனுக்குக் கணக்கு வராது, படம்தான் வரும்’ என்று எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்தவும் வேண்டாம். கணக்கு வகுப்போடு பாட்டுக்கும் படத்துக்கும் கூத்துக்கும் பள்ளிகள் நேரம் ஒதுக்கட்டும். பிள்ளைகளின் கற்பனை வளர அதுவே நல்ல வழி.