இரண்டு முறை வந்தாலும் கணக்கு ஒன்றுதான்

இணையத்தின் உள்ளே – 14

பணம் வந்துவிட்டதா என்று நம் சர்வர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வந்த உடனே பேமென்ட் நிறுவனத்தின் சர்வரே செய்தி அனுப்பிவிடும். 2007-ல் ஜெஃப் லிண்ட்சே இதற்கு ‘வெப்ஹூக்’ என்று பெயரிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் செய்தி வரும் நேரத்தில் நம் சர்வர் படுத்துவிட்டால் என்ன ஆகும்?

செய்தி அனுப்பும் சர்வர், ‘கிடைத்தது’ என்று பொருள்படும் 200 வரிசை எண் ஒன்று பதிலாக வரக் காத்திருக்கும். வராவிட்டால், செய்தி சேரவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். பேமென்ட் நிறுவனமான ஸ்ட்ரைப் மூன்று நாள் வரை விடாமல் அனுப்பிப் பார்க்கும். கிட்ஹப் 10 விநாடி பொறுக்கும்; பதில் இல்லையென்றால் தோல்வி என்று குறித்துவைக்கும். தானாக மறுபடி அனுப்பாது; நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். எந்தச் சேவையில் சேர்ந்தாலும் முதலில் படிக்க வேண்டிய விதி இதுதான்.

மறுபடி அனுப்புவதிலும் நிதானம் வேண்டும். தள்ளுபடி விற்பனை நாளில் ஒரு கடையின் சர்வர் திணறி, ஆயிரம் செய்திகள் தவறிவிட்டன என்று வையுங்கள். அந்த ஆயிரமும் அடுத்த நொடியே திரும்பி வந்தால், எழப் பார்க்கும் சர்வர் மறுபடி விழும். அதனால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள்: 1 நிமிடம், 2, 4, 8 என்று. 1976-ல் மெட்காஃபும் பாக்ஸும் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த உத்தி இருக்கிறது. எல்லாச் செய்திகளும் ஒரே கணத்தில் கிளம்பிவிடாதபடி, இடைவெளியில் சில நொடிகளை முன்பின்னாகவும் கலைத்துவிடுவார்கள்.

வாங்கும் பக்கத்திலும் ஒரு வழி உண்டு. ‘அளவுக்கு மீறி அனுப்புகிறாய்’ என்று சொல்ல 429 என்ற எண் 2012 முதல் இருக்கிறது. கூடவே ‘ரீட்ரை-ஆஃப்டர்: 120’ என்று எழுதினால், இரண்டு நிமிடம் கழித்து வா என்று பொருள். ஆனால் அனுப்பும் எல்லாருமே இதற்குக் கட்டுப்படுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் செய்தியை வாங்கி, வரிசையில் பத்திரமாக எழுதி வைத்து, உடனே 200 சொல்லிவிடுங்கள். ரசீது அடிப்பது, சரக்குக் கணக்கைக் குறைப்பது எல்லாம் பிறகு மெதுவாக நடக்கட்டும். எழுதி வைக்கும் முன்பே 200 சொன்னால், நடுவில் சர்வர் நின்றாலும் அந்தச் செய்தி திரும்பி வராது.

இன்னொரு சிக்கல்: நாம் வேலையை முடித்துவிட்டோம், நம் 200 வழியிலேயே தொலைந்துவிட்டது. அனுப்பியவருக்கு அது தெரியாது. அதே செய்தியை மறுபடி அனுப்புவார். கவனிக்காவிட்டால் ஒரே சேலை இரண்டு பார்சலாகக் கிளம்பும். இதற்காகத்தான் ஒவ்வொரு செய்தியிலும் தனி அடையாள எண் இருக்கிறது; ஸ்ட்ரைப் செய்திகளில் அது ‘இவிடி’ என்ற மூன்றெழுத்தில் தொடங்கும். அந்த எண்ணுக்கு டேட்டாபேஸில் ஒரு டேபிள் போடுங்கள். ஒரே எண் இரண்டாம் முறை ஏறாதபடி பூட்டுங்கள். எண்ணைப் பதிவதும் ஆர்டரை உறுதி செய்வதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்க வேண்டும். எண் ஏற்கெனவே இருந்தால் 200 மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்.

இதையும் தாண்டிச் சில செய்திகள் வராமலே போகும். தினம் ஒரு முறை பேமென்ட் நிறுவனத்தின் பட்டியலோடு நம் கணக்கை ஒத்துப்பாருங்கள். பணம் கட்டியவர் நம் சர்வரின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. அவர் வாங்கிய பொருள் அவருக்குச் சேர வேண்டும்.

அடுத்த வாரம்: வந்த செய்தி அந்த நிறுவனம் அனுப்பியதுதானா என்று கையொப்பத்தை வைத்துச் சரிபார்ப்பது எப்படி?