பம்ப் காட்டும் எண்ணும் கையில் ஏறும் மருந்தும்

சிங்காரப்பேட்டையில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் ஊத்தங்கரை தாண்டிக் கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோதான் போயாக வேண்டும். அங்கே அவரை உறங்கவைப்பவர் எம்.டி. மயக்கவியல் படிக்கும் இளம் டாக்டராகவும் இருக்கலாம். 2021-இல் சேர்ந்தவர்கள் தொடங்கி, முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றுவது கட்டாயம்.

அவர் கையிலிருக்கும் பால்போன்ற மருந்து புரோபோஃபால். கால்நடை மருத்துவம் படித்த ஜான் கிளென் கண்டறிந்தது. முதல் வடிவம் ஒவ்வாமை தந்ததால் கைவிடப்பட்டு, 1986-இல் சோயா எண்ணெய்க் குழம்பாக மறுபடி வந்தது. ஊசி ஏறி அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தூக்கம். சில நிமிடங்களில் விழிப்பு. மருந்து உடலைவிட்டுப் போய்விடுவதில்லை. மூளையிலிருந்து தசைகளுக்கு இடம்பெயர்கிறது, அவ்வளவுதான். ஆகவே, நீண்ட ஆபரேஷனில் சொட்டுச்சொட்டாகச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தசையும் கொழுப்பும் நிறைய நிறைய, வேகத்தைக் குறைக்கவும் வேண்டும்.

இதை மாணவர்களுக்குக் கற்பிப்பதில் சிக்கல் இங்கேதான். மயக்க வாயு என்றால் நோயாளி விடும் மூச்சிலேயே அளவைக் கருவி காட்டிவிடும். ரத்தத்தில் ஓடும் புரோபோஃபாலை அப்படி உடனுக்குடன் அளக்க வழக்கமான தியேட்டரில் வழியில்லை. வயது, எடையை வைத்து அந்த அளவைக் கணக்கிடும் பம்புகள் 1996-இல் வந்தன. அவை காட்டும் எண் கணிப்புதான். வென்ஃப்ளான் எனும் ஊசிக்குழாய் நரம்பைவிட்டு நழுவி மருந்து தோலடியில் தேங்கினாலும் பம்ப் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். தசைத்தளர்வு மருந்தும் கொடுத்திருந்தால் நோயாளி விழித்தாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வு 2014-இல் சொன்னதும் இதுதான்: நரம்பு வழி மயக்கத்தில் நடுவில் விழித்தவர்கள் பலருக்கு மருந்து சரியாகப் போய்ச்சேரவில்லை, அந்நிகழ்வுகளில் பெரும்பாலானவை தடுத்திருக்கக் கூடியவை.

ஆகவே பம்பின் பொத்தான்களுக்கு முன்பாக, ஊசி ஏறிய கையைத் துணியால் மூடாமல் பார்வையில் வைக்கும் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டும். தியேட்டருக்கு வெளியேயும் இந்த முறை தேவைப்படும்: நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவரை மயக்கத்திலேயே பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது ஆம்புலன்ஸில் வாயு இயந்திரம் இருக்காது. நரம்பு வழி மருந்தை நம்பித்தான் பயணம். மாவட்ட மருத்துவமனையில் கழியும் அந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு மாணவரும் நரம்பு வழி மயக்கம் கொடுப்பதைத் தன் கையால், மூத்தவர் பக்கத்தில் நிற்க, செய்து பழக வேண்டும். அதற்கான பம்புகளை அரசு மாவட்டங்களுக்கும் தர வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மயக்கம் கொடுக்குமுன் ஊசி குத்திய இடம் வீங்கினாலோ கடுமையாக எரிந்தாலோ, கூச்சப்படாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.