‘மாடு முட்ட வந்துச்சு மிஸ்!’ - லீவு கதையை வரிசையாகச் சொல்லக் குழந்தையைப் பழக்குவது எப்படி?

பொங்கல் லீவு முடிந்து பனியன் கம்பெனிகள் மெல்லத் திறக்கத் தொடங்கும் வாரம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போன குடும்பங்கள் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகின்றன. மறுநாள் ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கேட்கிறார்: “லீவுல எங்க போனீங்க கண்ணு?”

பதில் இப்படித்தான் வரும்: “மாடு முட்ட வந்துச்சு மிஸ்! அப்பத்தா அழுதுச்சு. பஸ்ஸுல வாந்தி எடுத்தேன். புது கவுன் போட்டேன். அப்புறம் மாமா ஓடுனாரு...”

எல்லாமே நடந்ததுதான். ஆனால், எது முதலில், எது அடுத்து? அப்பத்தா அழுதது மாட்டைப் பார்த்தா, பேத்தி ஊருக்குக் கிளம்பியதாலா? கேட்பவருக்குப் புரியாது.

இது குறையா?

இல்லை. கனடாவைச் சேர்ந்த கரோல் பீட்டர்சனும் அமெரிக்காவைச் சேர்ந்த அலிசா மெக்கேபும் 4 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் சொந்த அனுபவக் கதைகளை ஆராய்ந்து, 1983-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். 4 வயதுக் குழந்தைகள் பலர் தவளை மாதிரி ஒரு சம்பவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். 5 வயதில் வரிசை ஓரளவு வந்தது. ஆனால், விறுவிறுப்பான இடத்திலேயே கதை நின்றுவிடும். ‘கடைசியில் என்ன ஆச்சு’ என்பதோடு முழுக் கதை சொல்வது 6 வயதுவாக்கில்தான். எனவே எல்.கே.ஜி. குழந்தை தாவித் தாவிப் பேசினால் பதற்றம் வேண்டாம்.

அப்படியென்றால் தானாக வந்துவிடுமா?

ஓரளவு வரும். ஆனால், குழந்தையிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். நியூசிலாந்தில் எலைன் ரீஸ் குழுவினர், பழைய நினைவுகளைப் பற்றிக் குழந்தையிடம் விரிவாகப் பேசத் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் அம்மாவிடம் பேசும்போது நினைவுகளைக் கூடுதல் விவரத்தோடு சொன்னதாக 2007-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதனால் என்ன லாபம்?

முதலாவது, படிப்பு. வாயால் வரிசையாகச் சொல்லிப் பழகிய குழந்தைக்குப் பாடத்தில் வரும் கதையைப் பின்தொடர்வதும், நாலு வரி சொந்தமாக எழுதுவதும் எளிதாகும். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை வாரியாகப் பாடம் நடக்கிறது. கதைக்கும் அதில் இடம் உண்டு. ஆனால், 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் லீவு கதையையும் டீச்சரால் முழுதாகக் கேட்க முடியாது.

இரண்டாவது, அதைவிட முக்கியமானது. அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் ஊர் இது. பகல் முழுக்க என்ன நடந்தது, எங்கே அடிபட்டது, யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லப்போவது குழந்தைதான். லீவு கதையை வரிசையாகச் சொல்லப் பழகுகிற பிள்ளைதான், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றாலும் புரியும்படி சொல்லும்.

எப்படிப் பழக்கலாம்? 10 நிமிடம் போதும்

* முதலில் நீங்கள் சொல்லுங்கள்: “லீவுல என்ன பண்ணின, சொல்லு” என்றால் “ஜாலியா இருந்துச்சு” என்பதோடு பேச்சு முடியும். “எனக்கு ஊருல கால்ல முள்ளு குத்திருச்சு, உனக்கு என்ன ஆச்சு?” என்று ஆரம்பியுங்கள். பீட்டர்சனும் மெக்கேபும் இப்படித் தங்கள் கதையைச் சொல்லித்தான் குழந்தைகளைப் பேச வைத்தார்கள்.

* மூன்று போட்டோ: செல்போனில் இருந்து பஸ், கோலம், மாடு என மூன்று படங்களை மட்டும் எடுத்து, வரிசை மாற்றிக் காட்டுங்கள். “எது முதல்ல?” என்று குழந்தையே அடுக்கட்டும். பிறகு போனை ஓரமாக வைத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று பழகியதும் ஐந்தாக்கலாம்.

* நான்கு விரல்: போகி, தைப்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல். பண்டிகையிலேயே வரிசை இருக்கிறது. ஒரு விரலுக்கு ஒரு நாள், ஒரு நாளுக்கு ஒரு சம்பவம்.

* ‘அப்புறம்?’, ‘அதுக்கு முன்னாடி?’: “போய், குளிச்சு, புது டிரஸ் போட்டு, கோயிலுக்குப் போனோம்” என்று நடந்த வரிசையிலேயே வினைகளைக் கோத்துச் சொல்வது தமிழில் சுலபம். ‘அப்புறம்’ சீக்கிரம் வந்துவிடும். ‘அதுக்கு முன்னாடி’, ‘அதனாலதான்’ ஆகியவை கொஞ்சம் தாமதமாக வரும். அவற்றை உங்கள் கேள்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* தெரியாதவரிடம் சொல்லட்டும்: கூடவே வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கத் தேவையில்லை. லீவு கிடைக்காமல் இங்கேயே இருந்த அப்பாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொல்லும்போதுதான், விட்டுப்போனதைக் குழந்தையே கவனிக்கும்.

வீட்டில் வேறு மொழி பேசினால்?

ஒடிசா, பிகாரிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளும் இங்குள்ள பள்ளிகளில் படிக்கிறார்கள். ஊருக்குப் போய் வந்த கதையை முதலில் ஒடியாவிலோ இந்தியிலோ சொல்லட்டும். முதல், அடுத்து, கடைசி என்ற வரிசை ஒரு மொழியில் பிடிபட்டால், தமிழில் வார்த்தைகளை மட்டும் தேடினால் போதும்.

எதைச் செய்யக் கூடாது?

நடுவில் குறுக்கிட்டு “தப்பு, அது மறுநாள்” என்று திருத்தாதீர்கள். சொல்லி முடித்த பிறகு “கோயிலுக்கு அன்னைக்கே போனோமா, மறுநாளா?” என்று கேளுங்கள். “பொய் சொல்லாதே” வேண்டவே வேண்டாம். வரிசை மாறுவது பொய் அல்ல. “மாமாதானே தள்ளிவிட்டாரு?” என்று பதிலையும் கேள்விக்குள்ளேயே வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் பெரியவர்கள் சொன்னதற்குத் தலையாட்டிவிடுவார்கள். “என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்த லீவு வரை பொறுக்க வேண்டியதில்லை. இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது கம்பெனியில் உங்களுக்கு நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். “காலையில மிஷின் ரிப்பேர். அப்புறம் மெக்கானிக் வந்தாரு. கடைசியில மதியத்துக்கு மேலதான் ஓடுச்சு. உங்க ஸ்கூல்ல என்ன ஆச்சு?”